லிஃப்ட் செய்த பிக்கப்பில் பின் ஷாக் மவுண்ட்: சத்தம், விரிசல், ஒழுகல் வந்தால் எங்கே பார்ப்பது

ஷாக் மவுண்ட் (ஷாக் அப்சார்பரைச் சேசிஸிலும் ஆக்ஸிலிலும் பிடிக்கும் பிராக்கெட்) பிய்த்துக்கொண்டு வந்தால் முதலில் திட்டு வாங்குவது வெல்டிங்தான். பல சமயம் அதன் மேல் தப்பே இருக்காது. ஷாக் தணிக்கும்போது மவுண்டில் வரும் விசையை 6 மி.மீ. தகடு சாதாரணமாகத் தாங்கிவிடும். ஷாக் அடிவரை அமுங்கி முட்டினாலோ, முழுக்க நீண்டு ஆக்ஸிலையே தொங்க வைத்தாலோ வரும் அடி அதைப்போல் பல மடங்கு. அந்த அடி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அதே இடத்தில் இன்னும் தடித்த தகட்டை வைத்து ஒட்டினால், அடுத்த முறை தகடு நிற்கும், சேசிஸ் கிழியும்.

இது லிஃப்ட் செய்த, அதாவது உயரம் கூட்டிய வண்டியில், பட்டை ஸ்பிரிங், முழு ஆக்ஸில் உள்ள பின்பக்கத்துக்கான வழிமுறை. ஷாக்கின் இரு முனையிலும் கண் (போல்ட் போகும் வளையம்) இருக்கிறது, மவுண்டை நீங்களே செய்து வெல்டு அடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறோம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் அளவு

டேப்பும் பேப்பரும் எடுங்கள். வண்டியைச் சமதரையில், வழக்கமாக ஏற்றும் சுமையோடு நிறுத்தி, மேல் போல்ட் நடுவிலிருந்து கீழ் போல்ட் நடுவரை அளந்து எழுதுங்கள். இது நிற்கும் உயரத்தில் ஷாக் நீளம். அடுத்து ஷாக்கைக் கழற்றி முழுக்க அமுக்கிய நீளம், முழுக்க நீட்டிய நீளம் இரண்டையும் கண் நடுவிலிருந்து கண் நடுவரை எடுங்கள். கேட்லாக் அளவை மட்டும் நம்ப வேண்டாம். சில கம்பெனிகள் கண்ணின் வெளி விளிம்புவரை சொல்வார்கள்.

பிறகு ஷாக் இல்லாமலே ஆக்ஸிலை அசைத்துப் பார்க்க வேண்டும். சேசிஸை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி வையுங்கள். மெதுவாக இறக்கி, எது முதலில் இழுபடுகிறது என்று பாருங்கள்: பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், பிரீதர் குழாய். மேலே ஏற்றிப் பார்க்க முழுப் பட்டை அடுக்கு விடாது, சேசிஸே ஸ்டாண்டிலிருந்து எழும்பிவிடும். அடுக்கைப் பிரித்து முதல் பட்டையை மட்டும் விட்டு, பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர்) முட்டும்வரை ஏற்றுங்கள். நடுப் போல்ட்டைக் கழற்றும்போது பட்டைகள் துள்ளும், இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டுக்கொண்டு கழற்றுங்கள். நேராக ஒரு முறை, ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கி ஒரு முறை. மவுண்டைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தக் கோணல் நிலைதான். நேராக மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடுகிறவர்கள் அதிகம்.

இங்கே வர வேண்டிய கணக்கு: பம்ப் ஸ்டாப் முழுக்க நசுங்கிய நிலையிலும் ஷாக்கில் 12 மி.மீ. ஓட்டம் (அமுங்கி நீளும் தூரம்) மிச்சம் இருக்க வேண்டும், ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போதும் அதே 12 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். நிற்கும் உயரத்தில் ஷாக் ஏறக்குறைய நடு ஓட்டத்தில் இருப்பது நல்லது.

பெரிய மேட்டில் ‘மடார்’ என்று ஒரே அடி, இருக்கைவரை உதைக்கிறது

ஷாக் அடிவரை அமுங்குகிறது. உறுதி செய்ய ஷாக் ராடில் (பாடிக்குள் போய்வரும் கம்பி) ஒரு பிளாஸ்டிக் டை கட்டி பாடியை ஒட்டித் தள்ளி வையுங்கள். ராடைக் கீறாமல் இருக்க இறுக்கமில்லாமல் கட்டினால் போதும். வழக்கமான கரடுமுரடில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை கண்ணை ஒட்டிப் போய் நின்றால் முடிவு தெரிந்துவிட்டது. ராடை மூடிய ஷாக் என்றால் பம்ப் ஸ்டாப் நுனியில் கிரீஸ் தடவுங்கள். இருக்கை உதைத்த பிறகும் ஆக்ஸிலில் கிரீஸ் படவில்லை என்றால், பம்ப் ஸ்டாப் செய்ய வேண்டிய வேலையை ஷாக் செய்துகொண்டிருக்கிறது.

காரணம் இரண்டில் ஒன்று. நீளமான ஷாக் வாங்கினால் அதன் அமுங்கிய நீளமும் கூடும் என்பதை மறந்திருப்பார்கள், அல்லது வண்டியை உயர்த்திய பிறகு பம்ப் ஸ்டாப்பை இறக்கியிருக்க மாட்டார்கள். ரப்பர் ஸ்டாப் பலமான அடியில் உயரத்தில் பாதிவரை நசுங்கும் என்று கணக்கு வையுங்கள். நுரை வகை இன்னும் அதிகம் நசுங்கும். 75 மி.மீ. உயர ரப்பர் என்றால் 38 நசுங்கும், அதோடு 12 மிச்சம். ஆக ரப்பர் தொடும் கணத்தில் ஷாக்கில் 50 மி.மீ. ஓட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் ஸ்பேசர் வைத்து இறக்குங்கள், அல்லது மேல் மவுண்டை உயர்த்துங்கள். மேல் மவுண்டை உயர்த்தினால் கீழே தொங்கும் ஓட்டம் அதே அளவு குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஷாக்கே தவறான நீளம் என்றால் எந்த பிராக்கெட்டும் அதைச் சரிசெய்யாது.

சக்கரம் பள்ளத்தில் விழும்போது ‘டங்’ என்று மேலிருந்து சத்தம்

ஷாக் முழுக்க நீண்டு முட்டுகிறது. பழைய ஷாக்கையே வைத்து 100 மி.மீ. லிஃப்ட் செய்தால் கீழ்நோக்கிய ஓட்டத்தில் ஏறக்குறைய அத்தனையும் போய்விடும். வண்டி நிற்கும்போதே ஷாக் கிட்டத்தட்ட நீண்டுதான் இருக்கும். ஆக்ஸில், சக்கரம், டயர் மொத்த எடையும் ஷாக்குக்குள் இருக்கும் பிஸ்டன் நட்டில் தொங்கும். அந்த நட் கழன்றால் ராடு மட்டும் தனியாக வந்துவிடும்.

கீழ் மவுண்டை நீட்டி இறக்கும் பிராக்கெட் இதற்கு மலிவான வழி. ஆனால் ஆக்ஸிலிலிருந்து நீண்டு நிற்கும் கை எவ்வளவு நீளமோ அவ்வளவு அதிகமாக வளைக்கும் விசை வெல்டில் விழும். 50 மி.மீ.க்கு மேல் நீட்டுவதற்குப் பதில் சரியான நீள ஷாக் வாங்குவதே மேல்.

பட்டையே ஆக்ஸிலை முன்னதாக நிறுத்தவில்லை என்றால் லிமிட் ஸ்ட்ராப் (ஆக்ஸில் அளவுக்கு மேல் இறங்காமல் பிடிக்கும் துணி வார்) போடுங்கள். ஸ்ட்ராப் துணி இழுபடும். 10 சதவீதம் நீளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மி.மீ. ஸ்ட்ராப் அடி வாங்கும்போது 440 ஆகும். அந்த நீளத்தில்தான் ஷாக்கில் 12 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். பிரேக் ஹோஸிலும் அதே கணக்கு. ஹோஸ் இழுபடும் வண்டியில் ஷாக் மவுண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஹோஸை மாற்றுங்கள்.

சின்னச் சின்ன மேட்டில் ‘டக் டக்’

ஒருவர் பின் பம்பரை அமுக்கி விட, இன்னொருவர் மேல் கண்ணிலும் கீழ் கண்ணிலும் மாறி மாறி விரல் வைத்துப் பார்த்தால் எந்த முனை என்று உடனே தெரியும். வண்டி இன்ஜின் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, தரையில் நிற்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

முதல் சந்தேகம் போல்ட். ஷாக் கண்ணுக்குள் இருக்கும் ஸ்லீவின் (இரும்புக் குழல்) ஓட்டை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. போட்டிருப்பது எம்12 போல்ட். ஓட்டைக்கும் போல்ட்டுக்கும் நடுவே 0.7 மி.மீ. இடைவெளி. எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்ச நாளில் ஆட ஆரம்பித்து, தகட்டு ஓட்டையை நீள்வட்டமாக்கிவிடும். ஸ்லீவ் எந்த அளவோ போல்ட்டும் அந்த அளவு இருக்கட்டும்.

இரண்டாவது, போல்ட்டின் மரை வெட்டிய பகுதி தகட்டு ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். மரை அரம் மாதிரி தகட்டை ராவும். மரையில்லாத தண்டு இரு தகட்டையும் தாண்டி வரும் நீளத்தில் போல்ட் எடுத்து, மிச்சத்துக்கு வாஷர் போடுங்கள். தரம் 10.9. எம்12-க்கு 110–120 நியூட்டன் மீட்டர் பொதுவான இறுக்கம். ஷாக் கம்பெனி வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் சரி.

மூன்றாவது, இரு தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஸ்லீவை விட 0.5 முதல் 1 மி.மீ. அகலம் சரி. 3 மி.மீ. விட்டிருந்தால் போல்ட்டை இறுக்கும்போது தகடு உள்ளே வளைகிறது, ஸ்லீவை முழுதாகப் பிடிப்பதில்லை. அந்த வளைவு வெல்டு விளிம்பில் தங்கி, பிறகு அங்கேயே விரிசல் ஆரம்பிக்கும். வாஷர் வைத்து இடைவெளியை நிரப்புங்கள். ரப்பர் ஒட்டிய புஷ் (கண்ணுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே இருக்கும் மெத்தை) என்றால் வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

விரிசல் அல்லது பிய்ந்த மவுண்ட்

இதில் அவசரப்படக் கூடாது. உடைந்த முகத்தைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். மங்கி, துருப் பிடித்து, அலை அலையாக வரி தெரிந்தால் அது நாள்பட வளர்ந்த விரிசல். பளபளவென்று மணல்போலத் தெரியும் பகுதி கடைசியில் ஒரே அடியில் போனது. மங்கிய பகுதி எந்த ஓரத்தில் தொடங்குகிறதோ அங்கேதான் காரணமும் இருக்கும்.

வெல்டு பூச்சு முழுசாகப் பெயர்ந்து வந்து, அடியில் தகட்டின் பழைய மேற்பரப்பு அப்படியே தெரிந்தால், உருகிச் சேரவே இல்லை. பெயின்ட், துரு, உருட்டாலையிலிருந்து வந்த கறுப்புத் தோல் எதையும் ராவாமல் அடித்திருப்பார்கள், அல்லது சிறிய மிக் (வயர் வெல்டிங்) மெஷினில் 6 மி.மீ. தகட்டை ஒரே ஓட்டத்தில் முடித்திருப்பார்கள். பார்க்க அழகாக உருண்டு நிற்கும், பிடிப்பு இருக்காது. 0.9 மி.மீ. வயரில் 6 மி.மீ. தகட்டுக்கு 180 ஆம்பியர் பக்கம் வேண்டும். மெஷினுக்கு அந்தத் தெம்பு இல்லையென்றால் ஓரத்தைச் சாய்வாக ராவி இரண்டு மூன்று ஓட்டமாக அடிக்கலாம். 3.15 மி.மீ. 7018 வெல்டிங் ராடு 110–130 ஆம்பியரில் நன்றாக ஊடுருவும். ராடு காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பிடித்த 7018 ஹைட்ரஜனை உள்ளே விட்டு, பிறகு விரிசலில் முடியும்.

பூச்சு நன்றாக இருக்கிறது, அதன் ஓரத்தில் சேசிஸ் இரும்பு கிழிந்திருக்கிறது என்றால் கதை வேறு. பிக்கப் சேசிஸ் மெல்லியது, வளைந்து கொடுக்க வேண்டியது. அதன் பக்கவாட்டில் தடித்த தகட்டை நேர்க்கோட்டில் முடித்து, மேலிருந்து கீழாக முழுக்க வெல்டு போட்டால், வளைவதெல்லாம் அந்த ஒரு கோட்டில் குவிந்துவிடும். 5 மி.மீ. தகட்டை இரு முனையும் கூம்பி வரும் வைர வடிவில் வெட்டி, சேசிஸின் மேல், கீழ் மடிப்பிலிருந்து 20 மி.மீ. தள்ளி வையுங்கள். நடுவில் இரண்டு மூன்று 15 மி.மீ. ஓட்டை போட்டு அதன் வழியாகவும் நிரப்பி ஒட்டுங்கள். மவுண்ட் அந்தத் தகட்டின் மேல். திறந்த சி வடிவ சேசிஸ் என்றால் அந்த நீளத்துக்கு உள்பக்கத்தை மூடிப் பெட்டியாக்கிவிடுங்கள்.

ஓட்டையிலிருந்து ஓரம்வரை கிழிந்திருந்தால் ஓர இடம் போதவில்லை. 12 மி.மீ. ஓட்டைக்கு நடுவிலிருந்து ஓரம்வரை குறைந்தது 18, முடிந்தால் 25 மி.மீ. விடுங்கள்.

இரு தகடும் ஒரே பக்கம் சாய்ந்து வளைந்திருந்தால் கோணல் நிலையில் கண் சிக்குகிறது. அடுத்த பகுதியைப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு டை பெனட்ரன்ட் கிட் போதும். பெயின்டை நீக்கி, துடைத்து, சிவப்புத் திரவம் தடவி 10 நிமிடம் விடுங்கள். துணியால் துடைத்தெடுங்கள். நேரடியாகக் கிளீனரைப் பீய்ச்சினால் விரிசலுக்குள் இருப்பதும் கழுவிப் போகும். பிறகு வெள்ளை டெவலப்பர். சிவப்புக் கோடு எங்கே முடிகிறதோ அதன் நுனியில் 3 மி.மீ. ஓட்டை போட்டு விரிசலை நிறுத்தி, முழு ஆழத்துக்கும் வி வடிவில் ராவி எடுத்துவிட்டு வெல்டு. ராவாமல் மேலே ஒரு பூச்சு மட்டும் போட்டால் விரிசல் அடியில் அப்படியே உயிரோடு இருக்கும்.

எண்ணெய் ஒழுகல், ராடு கீறல், புஷ் ஒரு பக்கம் மட்டும் கிழிவது

ஷாக் பாடியைச் சுற்றிப் பாருங்கள். பளபளவென்று தேய்ந்த இடம் இருந்தால் எதிலோ முட்டுகிறது: பட்டை, யு போல்ட் நுனி, டயர், சைலன்சர். கோணல் நிலையில் ஒவ்வொன்றுக்கும் 15–20 மி.மீ. இடைவெளி வேண்டும்.

முட்டவில்லை, ஆனாலும் புஷ் கிழிகிறது என்றால் போல்ட் தவறான திசையில் இருக்கிறது. ஷாக் எந்தத் தளத்தில் சாய்ந்து அசைகிறதோ அதற்குச் செங்குத்தாகப் போல்ட் போக வேண்டும். இரண்டு ஷாக்கும் மேலே உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் போல்ட் வண்டியின் நீளவாக்கில். முன்னோ பின்னோ சாய்ந்திருந்தால் குறுக்கே. உள்பக்கம் சாய்ந்த ஷாக்குக்குக் குறுக்கே போல்ட் போட்டால், ஆக்ஸில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் புஷ்ஷை நெம்புகிறீர்கள். ரப்பர் சில டிகிரி பொறுக்கும், பாலியூரித்தேன் அதைவிடக் குறைவாகப் பொறுக்கும். அது பொறுக்காத மிச்சம் ராடை வளைக்கும், சீல் போகும். கோள வடிவ (ஸ்பெரிகல்) பேரிங் உள்ள கண் அதிகம் திரும்பும், ஆனால் மண்ணும் சேறும் உள்ளே போய்ச் சீக்கிரம் ஆட்டம் விடும்.

ராடில் கறுப்புப் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தால் அது வெல்டு தெறிப்பு. ஷாக்கை மாட்டியபடியே மவுண்டை ஒட்டியதற்கான அடையாளம். கேஸ் அடைத்த ஷாக் பக்கத்தில் நெருப்பு வைப்பதே ஆபத்து. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாயில் டம்மி ஷாக் செய்துகொள்ளுங்கள். இரு முனையிலும் ஷாக் கண் அகலத்துக்கு ஸ்லீவ். அமுங்கிய நிலை, நிற்கும் நிலை, நீண்ட நிலை மூன்றுக்கும் ஓட்டை போட்டு முளை செருகினால் போதும், டேக் (முதலில் போடும் புள்ளி வெல்டு) அடிப்பது, கோணம் பார்ப்பது எல்லாம் அதிலேயே முடியும்.

ஷாக் புதுசு, பின்பக்கம் மட்டும் மிதக்கிறது

சாய்வுக் கோணம். இடமில்லை என்று ஷாக்கைப் படுக்க வைப்பதன் விலையை எண்ணில் பார்ப்போம். 400 மி.மீ. அமுங்கி 650 நீளும் ஷாக், நிற்கும்போது 520 என்று எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்திலிருந்து 20 டிகிரி உள்ளே சாய்த்தால், இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது கிடைக்கும் தணிப்பு, நேராக நிறுத்தியதில் 88 சதவீதம். கோணத்தின் கோசைனை இரண்டு முறை பெருக்கினால் வருவது அது: அசைவு ஒரு முறை குறைகிறது, விசை ஒரு முறை குறைகிறது. ஷாக் 412 வரை அமுங்க ஆக்ஸில் 117 மி.மீ. ஏறும். அப்போது சாய்வு 25 டிகிரியைத் தாண்டி, தணிப்பு 81 சதவீதம். பரவாயில்லை.

அதே ஷாக்கை 45 டிகிரியில் வையுங்கள். தொடக்கத்திலேயே பாதிதான். 412-க்கு அமுங்கும்போது ஆக்ஸில் 180 மி.மீ.க்கு மேல் ஏறியிருக்கும், ஷாக் 63 டிகிரிக்குப் படுத்திருக்கும், தணிப்பு ஐந்தில் ஒரு பங்கு. எங்கே அதிகம் வேண்டுமோ அங்கே ஒன்றுமில்லை. ஓட்டம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று மயங்க வேண்டாம். 25 டிகிரிக்குள் நிறுத்துங்கள், அந்த எல்லைக்குள் கீழ் மவுண்டைச் சக்கரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் தள்ள முடியுமோ தள்ளுங்கள். வண்டி பக்கவாட்டில் ஆடுவதைக் கட்டுப்படுத்துவது அந்த அகலம்தான்.

ஷாக் இரட்டைக் குழாய் வகை என்றால் இன்னொன்றும் பாருங்கள்: ராடு மேலே, பாடி கீழே இருக்கிறதா? தலைகீழாக மாட்டினாலோ அதிகம் படுக்க வைத்தாலோ கீழ் வால்வுக்குள் காற்று போய், சில அசைவுகளுக்குத் தணிப்பே இருக்காது. ஒற்றைக் குழாய் வகைக்கு இந்தத் தொல்லை கிடையாது.

கிளப்பும்போது பின் ஆக்ஸில் குதிப்பது வேறு நோய். பட்டை எஸ் வடிவில் முறுக்குவதால் வருவது. லிஃப்டுக்கு உயரமான பிளாக் வைத்திருந்தால் இன்னும் மோசமாகும். மவுண்டை எவ்வளவு பலப்படுத்தினாலும் போகாது.

மவுண்ட் வெல்டு அடித்த பிறகு ஆக்ஸில் சீல் ஒழுகுகிறது

ஆக்ஸில் ஹவுசிங் (ஷாஃப்டை மூடியிருக்கும் குழாய்க் கூடு) வளைந்திருக்கலாம், அல்லது சூட்டில் சீல் போயிருக்கலாம். வெல்டு ஆறும்போது சுருங்கும், குழாயின் முனைகள் வெல்டு பக்கமாக வளையும். குழாய் முனைகளில் உள்ள இரண்டு பிளேஞ்சுக்கும் நடுவே உள்ள தூரத்தை முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை ஆக்ஸில் உயரத்தில் அளந்தால் வளைவு தெரியும். இந்த அளவை வெல்டு அடிப்பதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி.

மறுபடி செய்யும்போது ஆக்ஸில் ஷாஃப்டை உருவிவிட்டு, 25–40 மி.மீ. துண்டு துண்டாக, இடம் வலம் மாற்றி மாற்றி அடியுங்கள். கை வைக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த துண்டு. தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம். நடுவில் இருக்கும் வார்ப்பு டிஃபரன்ஷியல் கூட்டில் எதையும் ஒட்ட வேண்டாம், குழாயில் மட்டும். கீழ் மவுண்டைக் குழாயின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கவிடாதீர்கள், முதல் பாறையிலேயே மாட்டும்.

மறுபடி ஒட்டுவதற்கு முன்

பேட்டரி முனையைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப் ஒட்டும் துண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஹப்பில் போட்டால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் போய்ப் பந்துகளில் குழி விடும். பின் மவுண்ட் என்றாலே டீசல் அல்லது பெட்ரோல் டேங்க் பக்கத்தில்தான் இருக்கும், அதை இறக்கி வெளியே வையுங்கள். துத்தநாகப் பூச்சு உள்ள பிராக்கெட் என்றால் பூச்சை ராவிவிட்டு ஒட்டுங்கள், அந்தப் புகை காய்ச்சலைத் தரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் ஒருபோதும் ஆர்க் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும், கொஞ்சமே ஆளைக் கொல்லும். அசிட்டோன் போட்டுத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு ஒட்டுங்கள்.

தகடுகளை டேக் அடிக்கும்போது நடுவில் ஸ்லீவ் அகலத்தை விட 0.8 மி.மீ. கூடுதலாக ஒரு இரும்புத் துண்டை வைத்துப் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். வெல்டு தகடுகளை உள்ளே இழுக்கும், துண்டு இல்லையென்றால் ஷாக் நுழையாது. வெல்டு பூச்சைத் தகட்டின் மூலையில் நிறுத்தாமல் மூலையைச் சுற்றிக் கொண்டுபோய் முடியுங்கள். விரிசல் தொடங்க விரும்பும் இடம் மூலைதான்.

ஷாக் உள்பக்கம் சாய்ந்திருந்தால் மேல் மவுண்ட் இரண்டையும் 38–44 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிப்புள்ள குழாயால் குறுக்கே இணைத்துவிடுங்கள். 20 டிகிரி சாய்வில் ஷாக் விசையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பக்கவாட்டில் தள்ளும். குழாய் இருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தாங்கும், இல்லையென்றால் சேசிஸ் முறுக்கும். அந்தக் குழாயை வைப்பதற்கு முன் ஆக்ஸிலை முழுக்க ஏற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எங்கே வருகிறது என்று பாருங்கள்.

முடிந்ததும் வெளிர்நிறப் பெயின்ட் அடியுங்கள். கறுப்பில் விரிசல் தெரியாது, வெளிர்நிறத்தில் மெல்லிய துருக்கோடாக முதலிலேயே காட்டிக்கொடுக்கும். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள், ராடில் கட்டிய டையை இன்னும் கொஞ்ச நாள் கழற்றாமல் விடுங்கள்.